தேள் மிஸ்ஸின் குடும்பப் பெயர்

என் மகன் அவனுடைய அப்பாவின் பெயரைக் கழற்றிப் போடுவதற்கு இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது. நான் நெடுங்காடு போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று சொல்வதும் பொய்தான். காரைக்கால் பஸ் நிலையத்தில் டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டேன். "உக்காருங்கம்மா, பஸ்ஸு உங்கள வுட்டுட்டுப் போயிடாது" என்றார் கண்டக்டர். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எங்கள் குடும்பப் பெயர் ஸ்கொர்பியோன். பிரெஞ்சு மொழியில் தேள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், எனக்கு அவசர வேலை இருக்கிறது.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பில் பிராணிகள் பாடம் வரும். பூனை, நாய், குதிரை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது ஏதாவது ஒரு குரங்கு எழுந்து, "மிஸ், உங்க பேருக்கு என்ன மிஸ் அர்த்தம்?" என்று கேட்கும். நானும் சொல்லித் தொலைப்பேன். அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு நான் தேள் மிஸ். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். நாக்கும் பெயருக்கு ஏற்றாற்போலத்தான் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை.

இந்தப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது, நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால், நம் ஊர்க்காரர்கள் சிலர் சாதி வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுக்கிறவர் தனக்கும் தன் வம்சத்துக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என் பிறந்த வீட்டுப் பெரியவர் பத்திரமாக ஒரு புனிதரைப் பிடித்துக்கொண்டு அந்துவான் ஆனார். வேறு சிலர் பூவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். என் கணவர் ழானின் கொள்ளுத் தாத்தாவுக்கு அப்பா, அருளப்பன் என்பவர், தேளை எடுத்துக்கொண்டார்.

ஏன் எடுத்துக்கொண்டார் என்பதற்கு ழானிடம் ஒரு கதை இருந்தது. அருளப்பன் பெரிய விஷ வைத்தியர். ஒரு பிரெஞ்சு அதிகாரியின் மனைவியைத் தேள் கொட்டிவிட்டது. கப்பல் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அருளப்பன் தேள்கொடுக்கு இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து வைத்தார், அந்த அம்மாள் அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். என்ன வேண்டும் கேள் என்றாராம் துரை. எனக்கு ஒரு பெயர் போதும் என்றாராம் இவர். கல்யாணமான புதிதில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நான் அந்தப் பெயரோடு சமாதானமானேன். என் மகன் கியோமின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னேன். பிரான்சுக்காரச் சம்பந்திகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கியோம்தான் இப்போது பெயரை மாற்றுகிறான். பாரீசுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறான். மனைவி லொரேனுக்கு இது ஏழாவது மாதம், பெண் குழந்தை. "பள்ளிக்கூடத்துல அத எப்படிக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சுப் பாருங்கம்மா" என்றான். அங்கே இப்போது சட்டம் சுலபமாகிவிட்டது. அப்பாவின் குடும்பப் பெயருக்குப் பதில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் வேண்டும் என்றால் நகராட்சியில், நாங்கள் மெரி என்போம், ஒரு பாரத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். ஒரு மாதம் யோசிக்கச் சொல்வார்கள். அதன்பிறகு நேரில் போய் உறுதி செய்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தக் கையெழுத்து இன்று, சனிக்கிழமை, அவர்கள் நேரம் காலை பதினொன்று. நமக்கு மதியம் இரண்டரை.

பக்கத்து வீட்டு மெஹர் பானுவிடம் சொல்லிப் புலம்பினேன். "ஒங்க வாப்பா வூட்டுப் பேரத்தானே வச்சிக்கிடப் போறான்? அதுக்குப் போயி ஏன் டீச்சரம்மா இப்படி மூஞ்சத் தூக்குறீங்க?" என்றாள். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ழான் போய் மூன்று வருடம் ஆகிறது. வீடு அவர் பெயரில், பென்ஷன் அவர் பெயரில், மின்சாரக் கட்டணம் இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனிதர் எங்கேயோ கடைத்தெருவுக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கும். மகனே அந்தப் பெயரை வேண்டாம் என்றால் அவரை இரண்டாம் முறை அடக்கம் செய்கிற மாதிரி எனக்கு இருந்தது. இதை வாய்விட்டுச் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் கியோமிடம் கத்தினேன்.

கத்திக் கத்தி, வியாழக்கிழமை அவனே ஒரு வழிக்கு வந்தான். "சரிம்மா. அந்த வைத்தியர் கதை நெசம்னு ஒரு காகிதமோ, ஒரு ஆளோ காட்டுங்க. நான் கையெழுத்துப் போடல. என் பொண்ணு கேட்டா, இது மருத்துவர் பேருன்னு சொல்லிக்கிறேன்" என்றான்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்று ஒரு வருடமாக வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை முழுக்கப் பெட்டிகளைக் கவிழ்த்தேன். பெயர் பதிவின் நகல் கிடைத்தது. அதில் ஒரே ஒரு வரிதான் உபயோகமானது. "அருளப்பன், நெடுங்காட்டில் நில மேற்பார்வைக் காரியக்காரர், இனி ஸ்கொர்பியோன் என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்பதாக அறிவிக்கிறார்." வைத்தியர் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. சனிக்கிழமை காலை கோயில் ஆபீசில் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேட்டேன். கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததில் அவர் இல்லை. அதனால்தான் நெடுங்காடு பஸ்.

நேற்று பெய்த முதல் மழையில் வாய்க்கால் ஓரமெல்லாம் சேறு. குறுவை அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் நனைந்து கிடந்தது. நெடுங்காட்டில் இறங்கி, கோயில், தபால் ஆபீஸ், உரக்கடை என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். அருளப்பன் என்று ஒரு காரியக்காரர் இருந்தாரே, விஷ வைத்தியர், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? உரக்கடைக்காரர் எனக்கு ஒரு பூச்சிமருந்து விலைப்பட்டியலைக் கொடுத்தார். மணி ஒன்று ஆனது. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் போனை எடுத்து நேரத்தைப் பார்த்தேன்.

கடைசியில் டீக்கடைக்காரர் இளையபெருமாள்தான் வாயைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். "அருளப்பனா?" என்று கேட்டுவிட்டுப் பாய்லரின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்ன சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கீழத்தெருவுல பூவாயின்னு கேளுங்க. அங்கதான் அந்தப் பேரு இன்னும் பொழங்குது. வாரத்துக்கு ரெண்டு அருளப்பனாவது கெடைக்கும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் கால் அதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிட்டது. பெயர் இன்னும் புழங்குகிறது என்றாரே! நூற்று நாற்பது வருடம் கழித்தும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கிறார்கள் என்றால், எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் மனிதர்! போகும் வழியிலேயே கியோமுக்குச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

பூவாயிக்கு ஐம்பது வயதுக்குள்தான். அரசாங்கத் திட்டத்தில் கட்டிய சின்ன ஓட்டு வீடு. வாசலில் நனைந்த விறகைப் பிரித்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் அவருடைய அண்ணன் மகள்கள் இரண்டு பேர் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு இருக்கும், சின்னவளுக்கு ஆறு. நான் யார் என்று சொல்லாமலே, அவசரத்தில், வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"இங்க அருளப்பன்..."

அவ்வளவுதான். சின்னவள் "அய்யோ அத்தே!" என்று கத்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறினாள். மூத்தவள் ஒரே எட்டில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "எங்க? எங்க இருக்குது? வெறகுக்குள்ள பூந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே விறகைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நானும் என்னவோ ஏதோ என்று புடவையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் குதித்தேன்.

பூவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ, சும்மா இருங்கடி. இவங்க நெசமாவே ஒரு ஆளத் தேடி வந்திருக்காங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கோவிச்சிக்காதீங்கம்மா. எங்க வூட்டுல தேள தேளுன்னு சொல்லமாட்டோம். அருளப்பன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

பொழுது சாய்ந்தபின் தேள் என்று சொல்லக் கூடாது, சொன்னால் வந்துவிடும், பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்கள் வீட்டிலும் உண்டு. ஊர் முழுக்க உண்டு. ஆனால் ஒரு மனிதனின் பெயரையா?

"வைத்தியர் பேருங்கறதாலயா?" என்று கேட்டேன். எனக்கு அப்போதும் நம்பிக்கை போகவில்லை. "அவர் பேரச் சொன்னா விஷம் எறங்கிடும்னு ஒரு நம்பிக்கையா?"

பூவாயியின் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து சின்னவளை இறக்கிவிட்டு, அதை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை.

"வைத்தியமும் பண்ணுவானாம். அது நெசந்தான். கொட்ட வுட்டுட்டு எலையும் அவனே குடுப்பானாம்."

"புரியல."

"எங்க முப்பாட்டன் காலத்துல இந்தப் பக்கத்து நெலமெல்லாம் அவன் மேப்பார்வ. விடியுறதுக்கு முன்னாடி மடையில ஆளு நிக்கணும். ஒரு கலயம் வச்சிருப்பானாம், மூடி போட்டு. உள்ளாற தேளு. வெறகடுக்குலேருந்து புடிச்சுப் புடிச்சு அதுல போட்டு வைப்பான். லேட்டா வந்த ஆளு கைய உள்ள வுடணும். கொட்டுனா ஒன் விதி, கொட்டலன்னா ஒன் அதிர்ஷ்டம். கால்ல வுழுந்து கெஞ்சுனா எல குடுப்பான்."

விறகிலிருந்து ஒரு சுள்ளியை உருவி, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு நா எங்க முப்பாட்டனுக்குக் காய்ச்ச. எந்திரிக்க முடியல. அவரு மவ எட்டு வயசு, அது போயிருக்கு மடைக்கு, அப்பாவுக்குப் பதிலா நான் நிக்கிறேன்னு. லேட்டு. நான்தானே வந்திருக்கேன், நான்தான் கைய வுடுவேன்னு சொல்லிச்சாம். அவனும் வுடுன்னுட்டான். அப்புறம் எல வச்சான். புள்ள பொழைக்கல."

மூத்தவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்த கதைதான் என்பது முகத்தில் தெரிந்தது.

"காரியம் முடிஞ்ச அன்னிக்கு எங்க முப்பாட்டி குடிசைக்குள்ள ஒரு தேளப் பாத்துச்சாம். வெளக்கமாத்த எடுத்து, சாவுடா அருளப்பா, சாவுடா அருளப்பான்னு கூழா அடிச்சிச்சாம். அதுலேருந்து தெருவே அப்படிச் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. அவன் பேர எங்காளுங்க வாயால சொல்லிற முடியுமா அந்தக் காலத்துல? தேளுக்கு வச்சிட்டா சொல்லலாம். அடிக்கலாம். யாராச்சும் கேட்டா தேளத்தானே அடிச்சேன்னு சொல்லிக்கலாம். இதுங்களுக்கெல்லாம் ஆளு யாருன்னு கதையில கேட்டதோட சரி. பூச்சிக்குப் பேரு அருளப்பன், அவ்வளவுதான்."

அருளப்பன் என்பதுதான் பிரெஞ்சில் ழான். எங்கள் குடும்பத்தில் என் கணவர் வரைக்கும் தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரைத்தான் வைத்து வந்திருக்கிறார்கள். அந்தச் சின்னப் பெண் சற்று முன்னால் நாற்காலியில் ஏறி நின்று பயந்தது என் புருஷன் பெயருக்கு.

தேள் என்ற சொல்லைப் பற்றி வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் லத்தீனிடம் வாங்கினான், லத்தீன்காரன் கிரேக்கனிடம் வாங்கினான், நாம் யாரிடமும் வாங்கவில்லை, தெலுங்கில் தேலு, கன்னடத்தில் சேளு, எல்லாம் ஒரே வீட்டுச் சொல் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுவேன். ஒரு தாய் விளக்குமாற்றைக் கையில் எடுத்து ஒரு பிராணிக்குப் பெயர் வைப்பாள் என்று எந்தப் புத்தகத்தில் இருந்தது, நான் சொல்லிக்கொடுப்பதற்கு?

"நீங்க யாரும்மா? அந்த வூட்டு ஆளா?" என்று கேட்டார் பூவாயி.

"சேச்சே, இல்லீங்க" என்றேன். எவ்வளவு சீக்கிரமாகச் சொன்னேன்! "நான் ரிட்டயர்டு டீச்சர். ஃபிரான்சுவாஸ் அந்துவான். பழைய கதையெல்லாம் சேத்துக்கிட்டு இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருடனைத் தேள் கொட்டிய மாதிரி என்று நாம் சொல்கிறோமே, அன்றுதான் அது எப்படி வலிக்கும் என்று தெரிந்தது. கத்தவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. நடந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் இல்லை. நிழலுக்குள் போனேன், வெயிலுக்கு வந்தேன், மறுபடி நிழலுக்குள் போனேன். முப்பத்துநான்கு வருடம் சுமந்த பெயர். கேலிக்கும் கிண்டலுக்கும் அசையாமல், ஆதார் ஆபீசில், பாஸ்போர்ட் ஆபீசில், எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லி எழுத வைத்த பெயர். என் மகன் ஒரு மாதம் யோசித்துச் செய்யப் போகிற காரியத்தை நான் ஒரு நொடியில் முடித்துவிட்டு வந்திருக்கிறேன். அவனைத்தான் நன்றி கெட்டவன் என்று திட்டினேன்.

இரண்டு இருபத்தைந்துக்குப் போன் அடித்தது. கியோம்.

"அம்மா, மெரி வாசல்ல நிக்கிறேன். உள்ள போய் நம்பர் வாங்கணும். ஆளு கெடச்சுதா?"

கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. அருளப்பன் இலை வைத்தாரா? வைத்தார். நெடுங்காட்டில் சாட்சி இருக்கிறதா? இருக்கிறது. அவன் வாசலிலிருந்தே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவான். என் பேத்தி ஸ்கொர்பியோனாகப் பிறப்பாள். ழான் பெயர் நிற்கும். வேண்டியது அத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. இந்த நாக்கு யாரைத்தான் விட்டது, இதையும் சொல்லிவிட வேண்டியதுதானே?

"அம்மா? கேக்குதா?"

"கெடச்சுதுடா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கலயத்தைச் சொன்னேன், எட்டு வயதுப் பிள்ளையைச் சொன்னேன், விளக்குமாற்றைச் சொன்னேன். சொல்லும்போது ரோட்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு டிராக்டர்காரர் ஹாரன் அடித்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்.

போனில் அவனுக்குப் பின்னால் பிரெஞ்சில் யாரோ குழந்தையை அதட்டும் சத்தம் கேட்டது.

"அவங்க உங்கள யாருன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஃபிரான்சுவாஸ் அந்துவான்னு."

அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் நானும் ஒரு போடு போட்டிருப்பேன். அழுகைக்குப் பக்கத்தில் இருந்து வந்த சிரிப்பு அது. "அப்ப நீங்க எனக்கு முன்னாடியே மாத்திட்டீங்களேம்மா" என்றான்.

பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்றேன்."

"உள்ள போய்க் கையெழுத்துப் போடுடா" என்றேன். "பொறக்கப் போற கொழந்தைக்கு இந்தப் பேரு வேணாம். ஒன்னுமே பண்ணாத கொழந்த அது."

"அப்பா வருத்தப்பட மாட்டாரா?"

"அவரு நல்ல மனுஷன். கத நெசம்னு நம்பித்தான் சொன்னாரு. தெரிஞ்சிருந்தா அவரே மாத்தியிருப்பாரு." அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

"நீங்க? நீங்களும் அந்துவான்னு மாத்திக்கிறீங்களா?"

"நான் மாத்தல" என்றேன். "யாராச்சும் ஒருத்தர் அந்தப் பேரோட இருக்கணும்டா. எல்லாரும் கழட்டிப் போட்டுட்டா, தேள் கொட்டிச் செத்த அந்தப் புள்ளைக்குப் பதில் சொல்றதுக்கு யாரு இருக்கா?" போனை வைத்தேன். அதை வைத்த பிறகுதான், பதில் சொல்ல வேண்டிய இடத்தை விட்டு நான் ஓடிவந்து நிற்கிறேன் என்பது உறைத்தது.

பஸ் வந்தது. கண்டக்டர் கையசைத்தார். நான் கீழத்தெருவுக்குத் திரும்பி நடந்தேன்.

பூவாயி விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடியும் மேகம் கூடியிருந்தது. என்னைப் பார்த்தும் அவர் வேலையை நிறுத்தவில்லை.

"நான் பொய் சொல்லிட்டுப் போயிட்டேங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "நான் அந்த வீட்டு மருமகதான்."

"அது தெரியும்மா" என்றார். "வேற யாரு அவனத் தேடிக்கிட்டு வரப்போறா?"

நான் நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் யாருக்காக, யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது? நூற்று நாற்பது வருடத்தை வாசலில் நின்று மன்னித்துவிடுங்கள் என்று சொல்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. அதனால் என்னிடம் இருந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

"என் முழுப் பேரு ஃபிரான்சுவாஸ் ஸ்கொர்பியோன்."

"வாயில நொழையலியே. அதென்ன பேரு?"

"பிரெஞ்சுல தேள்னு அர்த்தம்."

அவர் கை நின்றது. "யாரு வச்சது ஒங்களுக்கு?"

"அவருதான். அருளப்பன். வெள்ளக்காரன் பதிவேட்டத் தொறந்து வச்சுக்கிட்டு, ஒனக்கும் ஒன் வம்சத்துக்கும் என்ன பேரு எழுதணும்னு கேட்டிருக்கான். தேள்னு எழுதுன்னு இவரு தானே சொல்லியிருக்காரு. காகிதத்துல இருக்கு."

பூவாயி விறகைக் கீழே போட்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தெருவின் அந்தக் கோடியில், எதையோ பார்த்தார். முகத்தில் கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"அப்ப கேட்டிருக்கு" என்றார்.

"எதுங்க?"

"குடிசைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுத்தானே எங்காளுங்க தேளுக்கு அவன் பேரச் சொன்னாங்க. பயந்து பயந்துதானே அடிச்சாங்க. அது அவன் காதுல வுழுந்திருக்கு. தூங்க வுட்டிருக்காது அவன." சட்டென்று உள்ளே திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "ஏய், ரெண்டு பேரும் இங்க வாங்கடி. ஒங்க அம்மாவையும் கூப்புடுங்க. சீக்கிரம்."

சின்னவள் ஓடிவந்தாள். மூத்தவள் வந்தாள். பின்னால் கையைத் துடைத்துக்கொண்டே அவர்களுடைய அம்மா வந்தாள். பூவாயி அவர்களை என் முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"அவன் எழுதி வச்சிக்கிட்ட பேர இவங்களுக்கும் சொல்லுங்க. அர்த்தத்தோட சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.